பார் என்றால் இரண்டு

ஜூலைச் சாரலில்
தம்பியை இடுப்பில் ஏற்றியபடி வந்து நின்றாள்.
பன்னிரண்டு வயது இருக்கலாம்.
இருக்கலாம் என்று விண்ணப்பத்தில் எழுத முடியாது.
அதனால் என் பேனாவில் அவள்
ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தாள்.

மாற்றுச் சான்றிதழ் இல்லை.
ஆதாருக்கு வரவேண்டிய ஓடிபி
துமகாவில் யாருக்கோ விற்ற கைப்பேசிக்குப் போகிறது.
கடைசியாகப் படித்த வகுப்பு?
இரண்டு விரல் காட்டினாள்.
அப்புறம் செங்கல் சூளை,
அப்புறம் இந்தத் தம்பி,
அப்புறம் ரயில்.

தாலாமாய் கிஸ்கு.
"தாமரைன்னு போட்டுக்கலாமே டீச்சர்,
கூப்பிட வசதியா இருக்கும்" என்றார் தலைமையாசிரியர்.
கெட்டவர் இல்லை.
தம்பி தூங்குவதற்குப் பழைய உலக வரைபடத்தை
விரித்துக் கொடுத்தவர் அவர்தான்.
(பசிபிக் முழுக்க நனைந்துவிட்டது.)
நான் ஏழெழுத்தையும் எழுதினேன்.

வீட்டில் எனக்குத் தெலுங்கு.
தளியில் பாதி வகுப்புக்குக் கன்னடம்.
தமிழ் எங்களுக்கெல்லாம்
மதியச் சோற்றோடு வந்த மொழி.
ஆனாலும் அவள் எண்ணத் தொடங்கியதும் சிரித்தோம்:
மித், பார், பே, போன்.
பார் என்றால் இரண்டு.
நாங்கள் எதைப் பார்ப்பதென்று திரும்பித் திரும்பித் தேடினோம்.
பே என்றதும்
"பேய் டீச்சர்!" என்று முனிராஜு பெஞ்சுக்கடியில் போனான்.
அவளும் சிரித்தாள், வந்து இரண்டு மாதம் கழித்து.

அம்மாவுக்கு ரோஜாத் தோட்டத்தில் வேலை.
கட்டுக்கு இருபது பூ.
பத்துப் பத்தாக நான் வைத்த புளியங்கொட்டைகளைக்
கலைத்து இருபதாக்கினாள்.
நூற்று நாற்பது?
ஏழு கட்டு.
நூற்று ஐம்பது?
ஏழு கட்டுதான்,
அரைக்கட்டை யார் வாங்குவார் என்பதுபோல்
மிச்சத்தை ஓரமாய்த் தள்ளினாள்.
பயிற்சிக் கையேட்டில் இதற்கு விடை இல்லை.
சரி போட்டேன்.

எழுத்தில்தான் மாட்டிக்கொண்டாள்.
இரண்டாம் வகுப்புப் புத்தகம் கொடுத்தேன், அணிலும் முயலும்.
அட்டை தெரியாமல் மடியில் கவிழ்த்துக்கொண்டாள்.
மறுநாள் அணிலை விட்டுவிட்டு
பேருந்து நிலையச் சுவரில் இருந்த
நேர அட்டவணையைப் பார்த்து எழுதிவந்தேன்.
ஓசூர். அஞ்செட்டி. கெலமங்கலம்.
யாருக்கும் வெட்கமில்லாத சொற்கள்.

ஜனவரி கடைசியிலிருந்து பதிவேட்டில்
அவள் பெயருக்கு நேரே பதினொரு சுழி.
எங்கெங்கோ காதலர்களுக்குத் தேதி நெருங்குகிறது,
விமானத்துக்குப் பூ போகவேண்டும்.
போய்ப் பார்த்தேன்.
பசுமைக்குடில்கள் பனியில் வெளுத்து நின்றன.
"சின்னப் பசங்கள நாங்க வெக்கிறதில்ல மேடம்" என்றார்
மேற்பார்வையாளர்,
நான் இன்னும் கேட்காத கேள்விக்கு.

கொட்டகைக்குப் பின்னாலிருந்து வந்தாள்,
இடுப்பில் தம்பி,
விரல்களில் முள் இழுத்த கோடுகள்.
"தம்பிக்குக் காய்ச்சல் டீச்சர். அதனால வரல."
முதல்முறையாக என்னிடம் முழுசாய்த் தமிழில் சொன்னது ஒரு பொய்,
இலக்கணம் சுத்தமாக இருந்தது
என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன்.

நிறுத்தம்வரை கூடவே வந்தாள்.
பேருந்து வந்து நின்றது.
பலகையை அண்ணாந்து
தே... ன். தேன்.
க... னி. கனி.
"ஏறுங்க டீச்சர், லேட்டாவுது" என்றார் நடத்துநர்.
நான் ஏறவில்லை.
வண்டி வளைவில் மறைந்த பிறகும்
வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டு
க்... கோ... ட்... டை
என்று முடித்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

அடுத்த வண்டி ஆறேகாலுக்கு.
இடுப்பு மாற்றட்டுமே என்று
தம்பியை வாங்கிக்கொண்டேன்.
நெற்றி கொதித்தது.